அவையறிந்து பேசுதல்

பேச்சு எல்லார்க்கும் பொது. தாயிடத்தும் தோழரிடத்தும் பேசுதற்கு ஒருவரும் பயிற்சி தேடிச் செல்வதில்லை. ஆயின், பலர் கூடியிருக்கும் அவையில் எழுந்து நின்று, தாம் கருதிய பொருளைக் கேட்போர் உள்ளத்திற் பதியுமாறு எடுத்துரைத்தல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. வீட்டில் ஓயாது பேசுவோர் மேடையில் நாவெழாது நிற்றலையும், நூல் பல கற்றோர் அவற்றுள் ஒன்றையேனும் பிறர்க்கு விளங்கச் சொல்லமாட்டாது இடர்ப்படுதலையும் நாடோறும் காண்கின்றோம். இதுபற்றியே திருவள்ளுவனார் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை வகுத்தருளினார். இம்மூன்றும் அமைச்சர்க்குரிய இயல்புகளோடு சேர்த்து ஓதப்பட்டன. குடியாட்சி நடைபெறும் இந்நாளிலோ, அன்று அமைச்சர்க்கு வேண்டிய அவ்வாற்றல் குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் வேண்டுவதாயிற்று. இம்மூன்றனுள் நடுவே நிற்கும் அவையறிதலே ஏனைய இரண்டிற்கும் வேர் என்பது யாம் பட்டறிந்த உண்மை. அதனை எம்மால் இயன்ற அளவு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

யாம் பிறந்து வளர்ந்த ஊர் காசிமேடு. எம் தந்தையார் விசைப்படகில் தொழில் செய்பவர். யாம் ‘ஆயா’ என்றழைக்கும் எம் பாட்டியார் நாற்பது ஆண்டுகளாக மீன் விற்பவர். கல்லூரியில் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்தபின், மாணவர் தமிழ் மன்றத்தில் இருமுறை பேச்சுப் பரிசு பெற்றோம். அப்பரிசுகள் எமக்குச் சிறிது தலைக்கனத்தையும் உடன் கொணர்ந்தன என்பதை மறைத்துப் பயனில்லை.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது என்பது விதி. மீனினம் பெருகும் பொருட்டு ஏற்பட்ட அத்தடைக்காலத்திற் படகுகள் எம் மீன்பிடி துறைமுகத்தில் வரிசை வரிசையாய்க் கட்டப்பட்டுக் கிடக்கும். ஆடவர் வலைகளைப் பழுதுபார்ப்பர். வீடுகளில் வருவாய் குன்றும். சென்ற தடைக்காலத்தில், பத்தாம் வகுப்பைத் தாண்டாது பள்ளியை விட்டுப் படகேறிய சிறுவர்க்கு மாலை வகுப்பொன்று நடத்த, யாமும் நண்பர் நால்வரும் துணிந்தோம். அதற்குப் பெற்றோரின் இசைவு வேண்டும். ஆகவே, வலை பின்னும் கொட்டகையருகே ஒரு மாலையிற் கூட்டம் கூட்டி, ஒலிபெருக்கி ஒன்றை வாடகைக்கு அமர்த்தினோம். பேசும் பொறுப்பு, பரிசு பெற்றவர் என்னும் காரணத்தால், எம்பாற் சேர்ந்தது.

ஏறத்தாழ அறுபது பேர் கூடினர். யாம் கல்வியின் மாண்பு பற்றி நாற்பது நிமிடம் பேசினோம். சங்கப் புலவரை அழைத்தோம். கிரேக்க ஞானியரை அழைத்தோம். எதுகையும் மோனையும் ஒன்றையொன்று துரத்தி வந்தன. பாதியிலேயே ஆடவர் சிலர் எழுந்து தேநீர்க் கடைப் பக்கம் நடந்தனர். பெண்டிர், எம் குடும்பத்தின்பாற் கொண்ட அன்பினால், முந்தானையால் விசிறிக்கொண்டு இறுதிவரை அமர்ந்திருந்தனர். முடிவிற் கையும் தட்டினர். யாம் பெருவெற்றி பெற்றதாகவே எண்ணி வீடு திரும்பினோம். மறுநாள் வகுப்பிற்கு வந்தவர் இருவர். அவ்விருவரில் ஒருவன் எம் தம்பி.

அன்றிரவு ஆயா சோறிட்டுக்கொண்டே, “பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. எத்தினி மணிக்கு வரணும், எங்க வரணும், துட்டு உண்டா இல்லியா, அத்த நீ சொல்லவே இல்லியே?” என்றார்.

உண்மை. நாற்பது நிமிடத்தில் அதனை யாம் சொல்லவே இல்லை.

மறுநாள் விடியுமுன்னர் ஆயா எம்மைத் தம்மோடு மீன் ஏலத்திற்கு அழைத்துச் சென்றார். தடைக்காலத்திலும் சிறு பைபர் படகுகள் கொணரும் மீன் ஏலத்திற்கு வரும். பிறந்தது முதல் கண்டு பழகிய காட்சியேயாயினும், அன்றுதான் அதனைக் கருத்தூன்றி நோக்கினோம். ஏலம் விடுபவர் முதலிற் சரக்கைக் காட்டுகிறார். கூடையைச் சாய்த்து அடியிலுள்ள மீனையும் காட்டுகிறார். பின்னர் விலையைக் கூறுகிறார். விலையையன்றி வேறொன்றும் கூறுவதில்லை. அவர் கண்கள் வாங்குவோர் முகங்களை ஓயாது சுற்றி வருகின்றன. ஒருவர் புருவம் அசைந்தால் அதனை அறிகின்றார். ஒருவர் தயங்கினால் அவர் பக்கம் திரும்பி, விலையை மீண்டும் ஒருமுறை தெளிவாய்ச் சொல்கின்றார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம், முடிந்தது. அடுத்த கூடை வருகின்றது. அத்துணை இரைச்சலிலும் ஒரு சொல்லேனும் எவர் செவிக்கும் தப்பியதில்லை. யாம் முந்தைய நாள் செய்தது யாதெனில், கூடையைக் காட்டாமலே நாற்பது நிமிடம் கடலின் பெருமையைப் பேசியதாம்.

இதனாற் கொச்சைமொழியிற் பேசுவோரே மேடையில் வெல்வர் போலும் என்று முதலில் எண்ணினோம். அவ்வெண்ணம் தவறென்பதைத் தமிழ் மேடையின் வரலாறு எமக்குக் காட்டிற்று. அதனைச் சுருங்கக் கூறுதும்.

புலவர் அரங்கேற்றமும், கோயில்களிற் புராணம் படித்துப் பொருள் கூறுதலும் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு உள்ளன. ஆயின், ஒருவர் எழுந்து நின்று, பலதிறப்பட்ட மக்கள் கூடிய பொதுக்கூட்டத்தை நோக்கி, உரைநடையில் ஒரு பொருள்பற்றித் தொடர்ந்து பேசும் முறை, சீர்திருத்தக் கிறிஸ்தவ மறையுரையின் தொடர்பால் இங்கு வேரூன்றியதென்பது, தமிழ் மேடைப் பேச்சை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலறிஞர் பெர்னார்டு பேட் கண்ட முடிபு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றுத் தமிழிலேயே மறையுரை நிகழ்த்தினார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியிற் பயின்றவர். பெர்சிவல் பாதிரியார்க்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். அவர் அம்மறையுரையின் ஆற்றலை உள்ளிருந்தே கண்டறிந்து, தம் சைவ சமயத்தை நிலைநிறுத்த அதனையே கருவியாகக் கொண்டு, 1847 டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். ‘நாவலர்’ என்னும் பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் அவர்க்கு வழங்கியது 1849-இல். மாற்றுச் சமயத்தாரிடத்தும் நல்ல கருவி ஒன்று இருப்பின் அதனைக் கற்றுக்கொள்ளத் தயங்காத அவர் மனப்பான்மை நம் கருத்திற்குரியது.

அந்நாவலர் மரபைப் போற்றிய புலோலி ந. கதிரைவேற்பிள்ளை சென்னைக்கு வந்து, இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியிற் தமிழாசிரியராய் விளங்கினார். அவரிடம் தமிழ் பயின்றவர் திரு. வி. கலியாணசுந்தரனார் (1883–1953). திரு. வி. க. பேசத் தொடங்கிய காலத்திற் சென்னை அரசியல் மேடையில் ஆங்கிலமே கோலோச்சிற்று. அதனை மாற்றித் தமிழை மேடையேற்றியவருள் அவர் முதல்வரிசையினர். 1918 ஏப்ரல் 27-ஆம் நாள், பெரம்பூரிற் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் பி. பி. வாடியா தமிழறியார், அவர் ஆங்கிலத்திற் பேச, அது தமிழிற் பெயர்த்துரைக்கப்பட்டது. திரு. வி. க. தமிழிலேயே பேசினார், அதுவும் செந்தமிழிற் பேசினார். ஆலைத் தொழிலாளர் அதனை விரும்பிக் கேட்டனர்.

எம்மைத் திகைக்கச் செய்தது இதுவே. செந்தமிழ் பேசியதால் யாம் தோற்றோமெனின், அதே செந்தமிழால் அவர் எங்ஙனம் வென்றார்? விடை எளிது. அவர் பேசிய பொருள் அத்தொழிலாளரின் வேலை நேரம், கூலி, நண்பகல் உணவிற்குரிய ஓய்வு ஆகியவை. கேட்போர் தம் வாழ்வையே அப்பேச்சிற் கேட்டனர். பொருள் தமதாயிருந்தமையின் சொல்லின் உயர்வு அவர்க்குத் தடையாகவில்லை. மாறாக, தம் துன்பம் இத்துணை உயர்ந்த மொழியிற் பேசப்படுகின்றதே என்னும் பெருமிதத்தையும் தந்திருத்தல் கூடும். 1923 மே 1-ஆம் நாள் சென்னைக் கடற்கரையில் மே நாள் கூட்டங்களை நடத்திய சிங்காரவேலர் மீனவக் குடியிற் பிறந்தவர். தாம் யாருக்குப் பேசுகிறோம் என்பதை நன்கறிந்தவர். எம் காசிமேட்டிற்கு அணித்தாயுள்ள இராயபுரம் இராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் அறிஞர் அண்ணா பேசிய கூட்டத்தைப் பற்றி முதியோர் இன்றும் கூறுவர். கொட்டும் மழையிலும் மக்கள் கலையாது நின்றனர். அண்ணாவின் அடுக்குமொழி புகழ்பெற்றது. ஆயினும், அடுக்குமொழிக்காக மட்டும் ஒருவரும் மழையில் நனையார். தாம் எண்ணியதும் எண்ணத் துணியாததும் ஒருவர் வாயிலாக வெளிப்படக் கண்டே நின்றனர். எனவே, நடை உயர்ந்ததா எளியதா என்பது இரண்டாவது வினா. கேட்போர்க்கு அப்பேச்சிற் பங்கு உண்டா என்பதே முதல் வினா.

இனி, பேச்சாற்றல் பெற விரும்பும் மாணவர் கைக்கொள்ளத்தக்க முறைகளை, யாம் கற்ற வரிசையிற் கூறுதும்.

முதலாவது, கேட்போரை அறிதல். அவர் யாவர், எதனை முன்னரே அறிவர், எதனை வேண்டி வந்துள்ளனர், எத்துணை நேரம் அமர்ந்திருக்க இயலும் என்னும் நான்கு வினாக்கட்கும் பேசுமுன் விடை காணல் வேண்டும். பகலெல்லாம் உழைத்தவரை நாற்பது நிமிடம் அமர்த்தி வைத்தல் அன்புடைமை ஆகாது. இயேசு பெருமான் கலிலேயக் கடலிற் படகிலமர்ந்து, கரையில் நின்ற மக்கட்குப் போதித்தபோது, விதைப்பவனையும் களைகளையும் கடுகு விதையையும் கொண்டே விண்ணரசை விளக்கினார். கேட்போர் கைக்கெட்டும் பொருளிற் தொடங்கிக் கைக்கெட்டாத பொருளுக்கு அவரை அழைத்துச் செல்லுதல் அம்முறையின் சிறப்பு.

இரண்டாவது, பொருளை ஒன்றாக்குதல். கூட்டம் கலையும்போது கேட்போர் எதனை அறிந்திருத்தல் வேண்டும், எதனைச் செய்தல் வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்த்தல் நன்று. எழுத இயலாதாயின் பேச்சு இன்னும் உருப்பெறவில்லை என்க. அவ்வாக்கியத்தைத் தாங்குதற்கு மூன்று குறிப்புகள் போதும். அவற்றைச் சிறு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம். பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்தல் தீது. ஒரு சொல் மறப்பின் அடுத்த சொல்லும் உடன் ஓடிவிடும். அன்றியும், மனப்பாடம் ஒப்பிப்பவர் கண் உள்நோக்கிச் சுழலுமேயன்றிக் கேட்போர் முகத்தைக் காணாது.

மூன்றாவது, வாக்கிய அமைப்பு. இது தமிழிற் பேசுவோர்க்குச் சிறப்பாக வேண்டற்பாலது. நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ‘வரவேண்டும்’ என்பதா, ‘வரவேண்டுவதில்லை’ என்பதா என்பது கடைசிச் சொல்லாலன்றித் தெரியாது. பலரும் வாக்கியத்தை உரத்த குரலிற் தொடங்கி, இறுதியில் மூச்சுக் குறைந்து குரலைத் தாழ்த்துகின்றனர். அப்போது உயிர்ச்சொல்லே கேட்போர்க்கு எட்டாது போகின்றது. மேலும், எச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி இக்கட்டுரையில் யாம் எழுதுவதுபோல் நீண்ட வாக்கியம் எழுதலாம்; படிப்பவர் விளங்காவிடின் கண்ணை மேலே ஓட்டி மீண்டும் படிப்பர். செவிக்கு அவ்வசதி இல்லை. ஆதலின், மேடையில் வாக்கியம் சிறிதாகவும், இறுதிச்சொல் உறுதியாகவும் இருத்தல் வேண்டும்.

நான்காவது, குரல். பழங்கிரேக்க நாட்டில், கி. மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த டெமாஸ்தனீஸ் என்னும் பேச்சாளர், வாயிற் கூழாங்கற்களை இட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்றும், கடற்கரையில் அலையோசையை எதிர்த்துப் பேசிப் பழகினார் என்றும் பண்டை நூலோர் கூறுவர். கூழாங்கல்லை யாம் சோதிக்கவில்லை. எம்மிடம் கடல் இருந்தமையின் அதனைச் சோதித்தோம். முதல் நாள் கத்திப் பேசித் தொண்டை கட்டியது. பின்னரே, அலையை மிஞ்சக் கத்த வேண்டுவதில்லை என்றும், வயிறு விரிய மூச்சை இழுத்து, சொற்களைப் பிரித்து, நிறுத்தி நிறுத்திப் பேசினாற் போதும் என்றும் உணர்ந்தோம். மற்றொன்றும் அறிந்தோம். எம் கரையில் நண்பகலுக்குப்பின் பெரும்பாலும் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். ஒலி காற்றடிக்கும் திசையில் நன்கு செல்லும். எனவே, திறந்தவெளியிற் பேசுவோர் காற்றுக்கு முதுகு காட்டி, கேட்போரைக் காற்று செல்லும் பக்கம் அமர்த்துதல் வேண்டும். முதற் கூட்டத்தில் யாம் கடலை நோக்கி நின்று காற்றோடு போராடினோம். ஒலிபெருக்கி இருப்பின், அதனை வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் அப்பால் வைத்து, இயல்பான குரலிற் பேசுதல் நன்று.

ஐந்தாவது, அச்சம். மேடையேறுமுன் நெஞ்சு படபடத்தலும், வாய் உலர்தலும், கை நடுங்குதலும் கோழைமையின் அடையாளங்கள் அல்ல. இடர் வந்துற்றதென உடல் கருதும்போது அட்ரினலின் என்னும் சுரப்புநீர் குருதியிற் கலக்கின்றது, இதயம் விரைகின்றது. ஓட்டப் பந்தயத்திற்கு நிற்பவர்க்கும் இதுவே நிகழும். இதனை முற்றும் ஒழித்தல் இயலாது, அடக்கி ஆளலாம். முதலிரண்டு வாக்கியங்களை மட்டும் நன்கு நினைவிற்கொள்க. எழுந்தவுடன் பேசாது, மூச்சை மெல்ல நீள வெளிவிடுக. கூட்டம் முழுவதையும் ஒருங்கே பாராது, நட்புமிக்க முகம் ஒன்றை நோக்கி ஒரு கருத்தைச் சொல்லி முடித்து, பின்னர் மற்றொரு முகத்திற்குச் செல்க. இங்கும் அவையறிதலே துணைசெய்கின்றது. ‘யான் எங்ஙனம் தோன்றுகின்றேன்’ என்னும் எண்ணம் அச்சத்தை வளர்க்கும். ‘இவர்க்கு விளங்குகின்றதா’ என்னும் எண்ணம் அதனைக் குறைக்கும்.

ஆறாவது, பயிற்சி. கைப்பேசியிற் பேச்சைப் பதிந்து தாமே கேட்டல், இந்நாளில் எவர்க்கும் எளிதான ஆசிரியராம். பத்து நிமிடப் பேச்சில் ‘ஆகவே’ என்னும் சொல்லைப் பத்தொன்பது முறை யாம் கூறியிருந்ததை இங்ஙனமே அறிந்து நாணினோம். நண்பரொருவரைக் கடைசி வரிசையில் அமர்த்தி, கேளாத சொற்களைக் குறிக்கச் செய்தலும் பயன் தரும். புகழும் நண்பர் வேண்டா; குறிக்கும் நண்பர் வேண்டும்.

முதற் கூட்டம் நிகழ்ந்து இரு கிழமை கழித்து, அதே கொட்டகையருகே மீண்டும் பேசினோம். இம்முறை கடல் எம் முதுகுப்பக்கம் இருந்தது. படகு கரை சேர்ந்தபின் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவுகளைக் கழித்துப் பங்கு பிரிக்கும் கணக்கிலிருந்து தொடங்கினோம். அக்கணக்கைத் தானே எழுதிப் பார்க்க அறியாத பையன், பிறர் சொல்லை நம்பியே காலங்கழிக்க வேண்டும் என்றோம். வகுப்பு எங்கே, எத்தனை மணிக்கு, கட்டணம் இல்லை என்பவற்றை இருமுறை சொன்னோம். ஏழு நிமிடத்தில் முடித்தோம்.

முடித்தவுடன் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “படிச்சிட்டா வேலை கெடைக்குமா?” என்று கேட்டார். முதற் கூட்டத்தில் இவ்வினா எழுந்திருப்பின், ‘உறுதியாகக் கிடைக்கும்’ என்று முழங்கியிருப்போம். அன்று அவர் முகத்தைக் கண்டோம். அவர் மகன் அவ்வாண்டுதான் படகேறியவன். அவன் கூலி அவ்வீட்டிற்கு வேண்டியிருந்தது. “அது தெரியாது மாமா. ஆனா பத்தாவது இல்லேன்னா கேட்கவே முடியாத வேலை நெறைய இருக்கு. அவன் படகுக்குப் போயிட்டு வந்தே படிக்கலாம்” என்றோம். அவர் ஒன்றும் கூறாது அமர்ந்தார். மறுநாள் வந்த பதினால்வருள் அவர் மகனும் ஒருவன்.

தடைக்காலம் முடிந்து படகுகள் மீண்டும் கடலேறியபோது பதினால்வர் எண்மராயினர். அவருள் ஐவர் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராய் எழுதவிருக்கின்றனர். அவ்வறுவர் ஏன் நின்றனர் என்பதற்குப் பேச்சாற்றலில் விடையில்லை. அது வறுமையின் பாற்பட்டது. பேச்சு செய்யக்கூடியது ஒரு வாயிலைத் திறந்து காட்டுதலே. இல்லாத வாயிலை உண்டெனச் சொல்லும் பேச்சு, எத்துணை இனிதாயினும், அடுத்தமுறை பேசுவோர்க்கும் செவிகளை அடைத்துவிடும். ஆதலின் வாய்மையை ஏழாவது முறையாகக் கொள்க.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரியில் மன்றங்கள் பல, பரிசுகளும் பல. அவற்றிற் பயின்ற நாவை மன்றத்திற்கு வெளியே ஒருமுறையேனும் கொண்டுசென்று சோதித்துப் பார்த்தல் நலம். அதற்கு இடம் வேண்டுவோர்க்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். காசிமேட்டில், வலை பின்னும் கொட்டகையை அடுத்த கட்டடத்தின் மாடியில், திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 மணிக்கு வகுப்பு நடைபெறுகின்றது. கணக்குப் பாடம் சொல்லித் தர ஒருவர் உடனே வேண்டும். ஊதியம் இல்லை, ஆயாவின் கையால் மீன்குழம்புச் சோறு உண்டு. விரும்புவோர் தமிழ்த்துறையில் எம்மைக் காண்க.